பசியா, அதுவா?

அன்றைக்குத் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் தேர். மயிலிட்டித் துறைமுகத்தடியில் காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுவர்ணா, கடையை வேளைக்கே பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். புருசனுக்கென்று குசினி மேசையில் வைத்துவிட்டுப் போன புட்டும் கடலைக்கறியும் வைத்தபடியே இருந்தன. ஜெயரூபனைக் காணவில்லை. மாமி சிவக்கொழுந்தையும் காணவில்லை. சாமியறை மூலையில் துடைத்து வைத்திருந்த காவடியும் இல்லை.

"மாமி வேலையைக் காட்டிப்போட்டா!" என்று கத்தினாள் சுவர்ணா.

ஜெயரூபன் கடற்தொழிலாளி. போதைத் தூளுக்கு அடிமையாகி வலையையும் இயந்திரத்தையும் விற்றவன். மறுவாழ்வு நிலையத்திலிருந்து வீடு திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. தகப்பன் ஏரம்பு கசிப்புச் சாராயம் குடித்தே போனவர், பாட்டனும் அப்படித்தான். "ஏரம்பற்றை ரத்தம், உவன் திருந்தான்" என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. சுவர்ணாவின் வயிற்றில் இப்போது பிள்ளை. அதனால் அந்தப் பேச்சு அவளுக்கு இரட்டிப்பாகக் குத்தியது. கிளினிக்கில் நேரே கேட்டாள்.

"டொக்டர், இந்தப் பிள்ளைக்கும் வருமோ?"

"சில குடும்பங்களிலை இது லேசாப் பத்தும். பரம்பரை அப்பிடி. அதுக்காகக் கட்டாயம் வரும் எண்டில்லை. கடற்கரை வீட்டுக்கு வெள்ளம் வாற பயம் கூட. அதுக்கு நீங்கள் என்ன செய்வியள்?"

"அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுவம்."

"அதைத்தான் செய்யுங்கோ."

சுவர்ணா அன்றே தொடங்கிவிட்டாள். குளிசையும் ஆலோசனையும் கிளினிக்கின் பொறுப்பு, சட்டி தன் பொறுப்பு. தூள் பாவித்த காலமெல்லாம் ஜெயரூபனின் உடம்பு சீனி போட்ட தேத்தண்ணியில்தான் ஓடியது. அவள் முட்டை கொடுத்தாள், சின்னமீன் கொடுத்தாள், முருங்கையிலை, பயறு, ஒடியல் கூழ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். சாப்பாடு மருந்தில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வயிறு காய்ந்தவனைத் தூள் நினைப்பு சுலபமாக மடக்கிவிடும் என்றும் சொல்லியிருந்தார். அது சரியென்று சுவர்ணா கண்ணால் கண்டாள். சாப்பாடு பிந்தினால் அவன் கை நடுங்கும், எரிந்து விழுவான், "எனக்கு அது வேணும்" என்பான். சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்தால் பல நாள் அடங்கிவிடும். சில நாள் அடங்காது. அந்த நாட்களில் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

மாமியோ, மகன் மீண்டு வந்தால் பட்டினி கிடந்து காவடி எடுப்பான் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தார். கிழமைக் கணக்காக இதே சண்டை.

"மாமி, சாப்பிட்டிட்டு எடுக்கட்டும். ஒரு நேரம் விட்டாலே ஆள் ஆளில்லை."

"வயிறு முட்டத் திண்டுபோட்டு எடுக்கிறதுக்குப் பேர் காவடியோ? உனக்கு முருகனைவிட முட்டை பெரிசாப் போச்சு!"

இப்போது தாயும் மகனும் சொல்லாமல் போய்விட்டார்கள். சுவர்ணா புட்டைப் பொதியாகக் கட்டிக்கொண்டு வீதிக்குப் பாய்ந்தாள்.

"கனகரத்தினம் அண்ணை, ஓட்டோவை எடுங்கோ! சந்நிதிக்கு!"

"வயித்துப் பிள்ளையோடை எங்கை பிள்ளை பறக்கிறாய்?"

"பிள்ளையின்ரை அப்பன் விழப்போறார். வேகமா விடுங்கோ!"

தொண்டைமானாற்றில் இறங்கியபோது பறையும் மேளமும் காதைப் பிளந்தன. தேர் அசைந்து வந்துகொண்டிருந்தது. அரோகராச் சத்தத்துக்குள்ளே முண்டியடித்துப் போனாள். மர நிழலில் மாமி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கை நடுங்குது எண்டான். தண்ணி எடுத்தர ஓடினன். வந்து பாத்தால் காவடியையும் காணேல்லை, பிள்ளையையும் காணேல்லை."

சுவர்ணா ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினாள். அங்கே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி லக்சன் நின்றான், புருசனின் கையில் முதன்முதல் தூளை வைத்தவன். அவள் நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"எங்கையடா அவர்?"

"நான் கூப்பிட்டனான்தான் அக்கா. ஆள் ஒருமாதிரி முழிச்சிட்டு மடத்துப் பக்கம் ஓடிட்டுது."

"இனிக் கூப்பிட்டுப் பார், உன்ரை சைக்கிளோடை ஆத்துக்குள்ளை தள்ளிவிடுறன்!"

அவனை நம்புவதா விடுவதா என்று நின்று யோசிக்க நேரமில்லை. ஓடினாள். அன்னதான மடங்களில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு மடத்தில் எட்டிப் பார்த்தாள், இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததன் சுவரில் ஒரு காவடி சாய்ந்திருந்தது. அதன் கீழே, வாழையிலைக்கு முன்னால், சாம்பாரும் சோறும் புறங்கையில் வழிய வழிய ஜெயரூபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவளைக் கண்டதும் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான்.

"நடுக்கம் வந்திட்டுது சுவர்ணா. லக்சனும் கூப்பிட்டான். பசியா, அதுவா எண்டு எனக்கே தெரியேல்லை. எதுக்கும் சாப்பிட்டுப் பாப்பம் எண்டு வந்தன்."

"இப்ப?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் ஆடாமல் நின்றன.

"பசிதான்!"

மூச்சிரைக்க வந்த மாமி இலையைப் பார்த்து விறைத்துப் போனார். "ஐயோ, நேர்த்தி குழம்பிப் போச்சே!"

"அம்மா, ஊருக்கெல்லாம் சோறு போடுற முருகன் என்னை மட்டும் பட்டினி கிட எண்டு சொன்னவரே?"

மாமி மகனின் கையைப் பார்த்தார். ஆற்றங்கரைப் பக்கம், லக்சன் நின்ற இடத்தை, ஒரு தரம் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரை அதட்டினார்:

"தம்பி, இவனுக்குப் பருப்பை வடிவா விடுங்கோ. காவடி எடுக்கவேணும்."

வெளியே மேளம் மறுபடி உச்சத்துக்கு ஏறியது. கை கழுவி வந்த ஜெயரூபன் காவடியைத் தோளில் ஏற்றிக் கூட்டத்துக்குள் ஆடியபடி இறங்கினான். மாமி அரோகரா என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். காலையிலிருந்து தானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் சுவர்ணாவுக்கு நினைவு வந்தது. மடத்துப் படியில் குந்தி, அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல், புட்டுப் பொதியை அவிழ்த்தாள்.