மஞ்சள் இலையில் துடைத்த மை

இன்று தாலுகா ஆபீஸில் யாரோ ஸ்டாம்பு பேடைத் திறந்தார்கள். அந்த மை வாசத்தோடு கூடவே எனக்கு மஞ்சள் இலை வாசமும் வந்தது. ஜேடர்பாளையத்து வாய்க்காலோரம், விளைவதில் பாதி நிலக்காரருக்கு என்று அப்பா வாரத்துக்கு உழுத மஞ்சள் காடு அது. மடை திறந்தால் தண்ணீர் பாத்தி பாத்தியாகச் சலசலத்துப் போகும், சேறு என் கால் விரலிடுக்கில் பிதுங்கும், இப்போது அங்கே வெறும் மனைக்கற்கள்.

குத்தகைக்காரர் என்று சர்க்காரில் பதிந்துவிட்டால் யாரும் நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது என்று பேச்சு வந்த சமயம், நிலக்காரர் ஒரு காகிதத்தோடு எங்கள் வரப்பில் வந்து உட்கார்ந்தார்.

"கைநாட்டு வெச்சுக் குடு சாமி. எப்பவும் இது உன்ற காடுதான்."

எழுத்தறியாத அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். "நான் இவருடைய பண்ணையாள். இந்த நிலத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று, மூன்றாம் வகுப்புக்காரி நான், ஓரிடத்திலும் திக்காமல் படித்தேன். "புள்ள என்னமாப் படிக்குதுங்க" என்று நிலக்காரரிடம் பூரித்துக்கொண்டே அப்பா கட்டைவிரலை அழுத்தி, மையை மஞ்சள் இலையில் துடைத்தார்.

மஞ்சள் வெட்டி முடித்ததும் கம்பி வேலி வந்தது. அப்பா நிலக்காரரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னை எதையும் படித்துக் காட்டச் சொல்லவுமில்லை.