மாப்பிள்ளை இடுப்பில் இருந்த கத்தி

இந்த மலாய் நாட்டுலயும் எங்க வீட்டுல காப்புக் கட்டின மாப்பிள்ளை இரும்பு இல்லாம வாசப்படி தாண்டக்கூடாது. காத்து கருப்பு அண்டிடுமாம். அதனால தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா ஒரு சின்னக் கத்தியில எலுமிச்சம்பழத்தைக் குத்தி அவன் இடுப்புல செருகிவிட்டாங்க. சும்மா வீட்டுல கெடந்திருக்கலாம். தொரை, தைக்கக் குடுத்த சட்டையை நானே எடுத்துட்டு வரேன்னு பக்கத்து டவுன் ஸ்கூடாய்க்குக் கெளம்பிட்டான். வழியில போலீஸ் ரோட்பிளாக்.

கையில பச்சை குத்தின இந்தியப் பையன், இடுப்புல கத்தி. வேற என்ன வேணும் அவங்களுக்கு? பிடிச்ச போலீஸ்காரர் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக் கால்வாய்ல எறிஞ்சிட்டாரு. பழம் போனப்புறம் அது வெறும் ஆயுதம்தானே. விலங்கு மாட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க. விடிஞ்சா முகூர்த்தம்.

நான் செனாய்ல ஒரு ஃபேக்டரியில லைன் லீடர். மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி என் தொண்டை அப்படி. சேதி தெரிஞ்சு ஓடிப்போன ஸ்டேஷன் கவுண்டர்லயும் அப்படித்தான் பேசினேன். அங்க இருந்தவர் நம்ம தமிழர். சொன்னா அவருக்காவது புரியும்னு நம்பினேன். அவரோ, மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் ஒரு சாமி வந்துடும், போம்மான்னாரு. வெளியாளு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்தாங்க. மலாய்க்காரப் பொம்பளை, புவான்னு மரியாதையாக் கூப்பிடணும். சரி, ஒழிஞ்சோம்னு நெனச்சேன். அவங்க என்னை உக்காரச் சொல்லி முழுசா கேட்டாங்க. அவங்க கம்பத்துலயும், அதான் அவங்க கிராமத்துலயும், கல்யாணத்துக்கு முன்னாடி எலுமிச்சைத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுவாங்களாம். எனக்குப் போன உசுரு வந்துச்சு. நல்லவேளை புவான், உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சதால என் தம்பி தப்பிச்சான்னேன்.

அவங்க சிரிக்கல, மலாய்ல என்னை அக்கான்னு கூப்பிட்டுக் கேட்டாங்க. "எனக்குத் தெரியலேன்னா அவனை உள்ள போட்டிருக்கலாமா, கக்காக்?"

தம்பியைக் கூட்டிவரச் சொல்லி, ரோட்டுல உன்னை என்ன கேட்டாங்கன்னு விசாரிச்சாங்க. எந்த கேங்குன்னு கேட்டாங்க, வேற ஒண்ணும் கேக்கலைன்னான். உடனே அவனைப் பிடிச்ச போலீஸ்காரரையும் வரச் சொன்னாங்க. கேக்க வேண்டியதை இப்பக் கேளுன்னு அவர்கிட்ட சொல்லிட்டு ஓரமா நின்னுக்கிட்டாங்க.

அவர் தம்பி பக்கம் திரும்பினாரு. "இந்தக் கத்தி எதுக்கு?"

நான் வாயைத் தொறந்தேன். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி என்னை அடக்கிட்டாங்க. காப்பு, அம்மா, பழம், நாளைக்குக் கல்யாணம், எல்லாத்தையும் தம்பியே திக்கித் திக்கி மலாய்ல சொன்னான். அந்தப் போலீஸ்காரர் குறுக்கப் பேசாமக் கேட்டாரு. கவுண்டர்ல இருந்த நம்மாளும் எழுந்து வந்து பக்கத்துல நின்னாரு.

சொல்லி முடிச்சதும் வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்க இன்ஸ்பெக்டர். பிடிச்சவரேதான் விலங்கைக் கழட்டினாரு. தம்பி நாற்காலியில உக்காந்து ஓன்னு அழுதுட்டான். விலங்கு மாட்டினப்பகூட அழாதவன், ஒருத்தர் கேட்டதுக்கு அழுதான்.