சுவரில் விட்ட வழி

எங்கள் எம்.எல்.ஏ.வைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு பெருமை பேசுவார்கள். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர், ஓசூரில் டயர் கடை மாடியில் வக்கீல் ஆபீஸ் போட்டவர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவர் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் மேலே போனது என் தக்காளித் தோட்டத்து வழியாக. அதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஒரே ஒரு வண்டிப் பாதை. பக்கத்து நிலங்களை வாங்கிய கம்பெனி அந்தப் பாதையின் குறுக்கே காம்பவுண்டு சுவர் கட்டிவிட்டது. அந்த வருஷம் முழுக்கத் தக்காளிப் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வரப்பில் நடந்தோம். வரப்புக்காரரிடம் தினமும் வசவு. ராயக்கோட்டை மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நசுங்கிவிடும்.

அப்போதுதான் அவரிடம் போனேன். வெளுத்துப்போன கறுப்புக் கோட்டோடு அன்றைக்கே பைக்கில் வந்து பார்த்தார். என் மாமியாரிடம் தெலுங்கில் விசாரித்தார். கம்பெனி வாட்ச்மேனிடம் கன்னடத்தில் கத்தினார். “அக்கா, இந்தச் செவுத்த ஒடைக்காம நான் ஓய மாட்டேன்” என்றார். ஓயவில்லைதான். கம்பெனி மேல் வழக்குப் போட்டு, தீர்ப்பு வரும்வரை பாதையை மறிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வாங்கினார். டெம்போ நுழையும் அளவுக்குச் சுவரை இடித்து வழி விட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தேர்தல் வந்தது. அந்தச் சுவர் இடைவெளியில் அவர் நிற்கிற படம்தான் போஸ்டர். ஜெயித்தார்.

அதோடு கோர்ட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். வாய்தாவுக்கு வாய்தா ஜூனியர் வந்து தேதி வாங்கிப் போனார். பிறகு ஜூனியரும் வரவில்லை. கூப்பிடும்போது நான் மட்டும் எழுந்து நிற்பேன். அடுத்த முறையும் வக்கீல் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார். தள்ளுபடியானால் இடைக்கால உத்தரவும் போச்சு. மறுநாளே கம்பெனி செங்கல் இறக்கும்.

வேறு ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். “பழைய வக்கீல், ஆட்சேபணை இல்லைன்னு புது வக்காலத்துல கையெழுத்துப் போட்டுத் தரணும்மா. போடலன்னா கோர்ட்டுல தனியா அனுமதி கேக்கணும். அதுக்குள்ள வாய்தா வந்துடும்” என்றார்.

எம்.எல்.ஏ. ஆபீசில் மனு கொடுப்பவர்களோடு என்னையும் வரிசையில் நிறுத்தினார்கள். என் முறை வந்ததும் அவர் வக்காலத்துத் தாளை மனு என்று நினைத்து, இரண்டு கையாலும் வாங்கிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“மனு இல்ல சார், வக்காலத்து. கையெழுத்துப் போடுங்க, நான் போறேன்.”

சிரிப்பு நின்றது. “என்னக்கா, என்னய உட்டுட்டுப் போறியா? அது என் கேசு.”

“உங்க கேசுன்னா வந்து வாதாடுங்க.”

“கம்பெனிக்காரங்க நம்ம பசங்களுக்கு வேல தர்றாங்கக்கா. மொகத்துக்கு நேரா நின்னு எப்படிப் பேசறது?”

“அப்பக் கையெழுத்துப் போடுங்க.”

“போட்டா, ஏழைய கைவிட்டுட்டான்னு எதிர்க்கட்சிக்காரன் மைக் கட்டிப் பேசுவான். போய்ட்டு வா, பாக்கலாம்.”

வாதாடவும் மாட்டாராம், விடவும் மாட்டாராம். என் வழியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்தில்லாத தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாய்தாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவரே வந்தார். எனக்காக இல்லை. மறுபடியும் தேர்தல், புதுப் போஸ்டருக்கு அதே இடைவெளியில் படம் எடுக்க வேண்டுமாம். கேமராக்காரர், கட்சிக்காரர்கள், மூன்று கார். தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த டெம்போவை நகர்த்தி இடைவெளியின் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். வக்காலத்தை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன்.

“வண்டிய எடுக்கச் சொல்லுக்கா, வெயில் எறங்குது.”

“கையெழுத்துப் போடு, எடுக்கறேன்.”

ஒரு கட்சிக்காரர் பாய்ந்து வந்தார். “யேம்மா! எம்.எல்.ஏ.வ ஒருமையில பேசுற?”

“நான் எம்.எல்.ஏ.கிட்ட பேசல. என் வக்கீல்கிட்ட பேசறேன். நீ தள்ளு.”

தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் பின்னால் நின்றார்கள். ஒருத்தி வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார். கார் பானட் மேல் வைத்துப் போட்டார். அதையும் கேமராக்காரர் படம் எடுத்தார்.

வாய்தாவில் வக்கீலம்மா எழுந்து நின்றார். வழக்கு தள்ளுபடியாகவில்லை, நடக்கிறது. டெம்போ போகிறது.

புதுப் போஸ்டரும் வந்துவிட்டது, சுவர் இடைவெளிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். பானட் மேல் குனிந்து அவர் எழுதுகிறார், பக்கத்தில் நான். ‘ஏழை விவசாயியின் கோரிக்கைக்கு நின்ற இடத்திலேயே கையெழுத்து’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அவர் முகத்தை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் கிழித்து எடுத்தேன்.