உலர்த்தக் கூடாத களி

எண்பத்தைந்தில் நான் கோப்பன்ஹேகனில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவன். நாங்கள் குடியிருந்த டோஸ்ட்ருப்பிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பன்னிரண்டு வருடத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் கேட்கவில்லை.

அங்கே ஆராய்ச்சி செய்த ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், ஐஸ்லாந்துக்குப் போய் ஒரு வெந்நீர் ஊற்றின் வாயிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் பதினொரு போத்தல் மண் அள்ளி வந்திருந்தாள். வெள்ளையும் சாம்பலுமான களி. மூடியைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம். எரிமலைச் சாம்பலை ஊற்றின் அமில ஆவி அரித்து அரித்துத்தான் இந்தக் கனிமம் உண்டாகிறது என்றாள். பெயர் ஹலோய்சைட். அதன் மெல்லிய படலங்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கும். ஊற்றிலிருந்து விலக விலக அந்தத் தண்ணீர் எப்படி மாறுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எல்லாம் விளக்கிவிட்டு, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "இவற்றை உலர்த்த வேண்டாம். ஈரமாகவே இருக்கட்டும்."

எனக்கு நன்றாகவே விளங்கியது. தலையையும் ஆட்டினேன்.

அவள் ஒரு கிழமை லீவில் போனாள். எங்கள் பாடசாலையில் மண் என்றால் முதலில் உலர்த்தி, அரைத்து, சல்லடையில் அரித்த பிறகுதான் தராசுக்குப் போகும். ஈர மண்ணை வைத்து என்ன ஆராய்ச்சி? சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்கிறாள் என்று நினைத்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள் நான். அது மட்டுமில்லை. போத்தல் கழுவுகிறவனுக்கும் மண் தெரியும் என்று அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். பதினொன்றையும் நூற்றைந்து பாகைச் சூட்டில் உலர்த்தி, பீங்கான் உரலில் இடித்து, அரித்து, வரிசையாக அடுக்கி வைத்தேன். மூன்று நாள் வேலை. கை வலித்தது.

திங்கட்கிழமை வந்து பார்த்தவள் கத்தவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"தண்ணீர் விட்டுக் குழைக்கலாமே?" என்றேன்.

"ஈரமாகும். ஆனால் போன தண்ணீர் படலங்களுக்குள் திரும்பிப் போகாது. இப்போது பதினொன்றும் ஒன்றுதான்."

நெற்றியைத் தேய்த்தபடி கேட்டாள்: "உலர்த்த வேண்டாம் என்று உங்களிடம் சொன்னேனா? போகிற அவசரத்தில் மறந்துவிட்டேனோ?"

"சொல்லவில்லை," என்றேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் கண் முன்னாலேயே அவள் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் போய்ப் பிழை தன்னுடையது என்றாள். அவர் தூளை விரலில் தொட்டுப் பார்த்து, எவ்வளவு நேர்த்தியாக அரித்திருக்கிறார் என்றார். வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் அது எனக்கு இனித்தது.

வீட்டில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவ சொன்னவவோ, இல்லையோ?"

"சொன்னவதான்."

"அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. மாஸ்டர்மார் பிழை விடக்கூடாதெண்டு சட்டமே?"

"வேலை போயிடும்."

"போனாப் போகட்டும். டென்மார்க்கில கழுவப் போத்தலுக்குப் பஞ்சமோ?"

"ஓம், நாளைக்குச் சொல்லுறன்," என்றேன்.

ஒவ்வொரு காலையும் ரயிலில் அந்த வசனத்தை ஆங்கிலத்தில் கட்டுவேன். ஆய்வுக்கூட வாசலுக்கு வந்ததும் நேரே போத்தல் கழுவப் போய்விடுவேன். இப்படியே மாதங்கள் போயின. அவளை மறுபடி ஐஸ்லாந்துக்கு அனுப்ப நிர்வாகம் சம்மதிக்கவில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு எஸ்பியர்க் நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனாள்.

அந்த ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளர் வேலைக்கு நான் விண்ணப்பித்திருந்தது அவளுக்குத் தெரியும். போகிற அன்று, கேட்காமலே எனக்கொரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்தாள். டேனிஷில் நாலு வரி. அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். 'இவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், சொன்னபடியே செய்வார். நான்தான் ஒருமுறை சொல்ல மறந்தேன்.'

அந்தக் கடிதத்தை என் கையாலேயே பேராசிரியரிடம் கொடுத்தேன். வேலை கிடைத்தது.