பெரியப்பா கை வைக்காத சஹன்

எங்கள் குடும்பத்தில் இன்னும் சிலர், மாமி தன் கணவர் இறந்து நாற்பதாம் நாள் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் கத்தத்துக்குப் பன்றி இறைச்சி பரிமாறினார் என்று சொல்லித் திரிகிறார்கள். அது கோழி. வழக்கமாகப் பன்றியில் செய்யும் ஹேம், ஆனால் இது கோழி இறைச்சியில் செய்தது. அது வந்த பக்கெட் உறையில் ஹலால் முத்திரை இருந்தது. அந்தப் பக்கெட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்திருந்தவள் நான். மற்றதையெல்லாம் சொல்லுமுன் இதைப் பதிந்துவிட வேண்டும்.

கிழமையைப் பற்றியும் ஒரு தகராறு உண்டு. வியாழன் என்கிறார்கள் சிலர், வெள்ளி என்கிறார்கள் சிலர். இரண்டும் சரி. ஓதத் தொடங்கியது பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, வியாழக்கிழமை. பெரியப்பா மாமியின் வீட்டுச் சாவியைக் கேட்டது மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு. எங்கள் கணக்கில் பொழுது சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும், ஆகவே அது வெள்ளி. மிளகு பறிக்கும் காலம். முற்றத்துப் பாய்களில் காய்ந்துகொண்டிருந்த மிளகை, வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்று காலையிலேயே அள்ளிவிட்டிருந்தார்கள். அதனால் பருவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமி, என் வாப்பாவின் தங்கை. மாமா தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் கோக்கியாக இருந்தார். வெள்ளைக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பது அவர் வேலை. அந்தச் சம்பளத்தில் பல்லேபொலையில் மிளகுக் கொடிகள் ஏறிய சிறு தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கி, அதை மாமியின் பெயரில் எழுதிவைத்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு விடியற்காலை வேலைக்குப் புறப்பட்டவர் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பது. அதைத் தன் வீட்டிலேயே இருந்து முடிப்பேன் என்றார் மாமி. வாப்பாவுக்கும் மாமிக்கும் நானாவான, அதாவது மூத்த அண்ணனான, பெரியப்பா விடவில்லை. ஒரு வேனைப் பிடித்து, மாத்தளை டவுனில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். நாங்களும் அந்த வீட்டில்தான் இருந்தோம். பெரியப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர், குடும்பத்துக்கு மூத்தவர். அவர் ஒன்றைச் சொன்னால் வாப்பா தலையை மட்டும் ஆட்டுவார். நடு அறைக்குத் திரை போட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மாமி, இந்தப் பக்கம் உலகம். இரண்டுக்கும் இடையே பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை சிறுமியான எனக்கு.

அந்த வேலையால் எல்லாம் எனக்கு முதலில் தெரிந்துவிடும். நாற்பதாம் நாளுக்கு வரும் சொந்தக்காரர்கள் முன்னிலையில் பல்லேபொல வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வது என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். வீட்டில் வேறு யாரையாவது குடிவைப்பது, தோட்டத்தை அவர் பார்ப்பது, மாமி இங்கேயே தங்குவது. மாமியிடம் யாரும் கேட்கவில்லை. நிக்காஹ்வில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வழக்கத்தைப் பெரியப்பா இதற்கும் நீட்டிக்கொண்டார்.

“தனியா ஒரு பொம்புள அங்க எப்பிடி ஈக்கிற?” என்றார் உம்மாவிடம். “இங்க சமச்சிக்கிட்டு உங்களுக்கும் ஒரு கைதுணையா ஈக்கட்டும்.”

உம்மா மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், மாமி சொல்லி அனுப்பியவற்றை வாங்கினார். கோழி ஹேம் ஒரு பக்கெட், சீஸ் ஒரு கட்டி, முட்டை, பட்டர், பேக்கரிப் பாண்.

பெரியப்பா மாமாவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கோக்கி’ என்பார். பெருநாளுக்குப் பல்லேபொலைக்குப் போனாலும் மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ஹோட்டலில் பன்றி தொட்ட கை என்பது அவர் கணக்கு. மாமா அதைக் கேட்டுச் சிரிப்பார். சோடாவை அவரே போய் வாங்கி வருவார்.

கத்தத்தன்று காலை பெரியப்பா சமையலறைக்கு வந்தபோது மாமி சீஸைத் துருவிக்கொண்டிருந்தார்.

“சோறு ஈக்கி, மாட்டிறச்சி ஈக்கி. இது என்னத்துக்கு?”

“அவர்ட கத்தம், நானா. அவர் செஞ்ச சாப்பாடு.”

“ஹேம் போட்டா?”

“கோழி.”

“கோழின்டாலும் பேரு ஹேம்தானே. ஓத வார லெப்பைக்கு முன்னால அதக் கொண்டு வெப்பியா?”

“வெப்பேன். சோத்துக்கு முந்தி வெப்பேன்.”

மௌத்தானவரின் பெயரால் மனைவி கொடுக்கும் சாப்பாட்டைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அது பெரியப்பாவுக்கும் தெரியும். “வெச்சிக்க,” என்றார். “நான் கை வெக்க மாட்டேன்.”

“அது உங்கட இஷ்டம்,” என்று மாமி மறுபடி துருவத் தொடங்கினார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

இவ்வளவு லேசாகச் செய்யக்கூடிய சாப்பாடு வேறில்லை என்று மாமா சொல்வாராம். “முட்டைய ஒடைக்கத் தெரிஞ்சா போதும், மத்தத நெருப்பு பாத்துக்கும்.” ஆனால் மாமாவின் கரண்ட் அடுப்பு பல்லேபொலையில் பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. மாமி அகலமான தட்டுச் சட்டியில் பட்டர் பூசி, முதல் நாள் பாணைப் பிய்த்துப் பரப்பினார். மேலே ஹேமையும் கறி மிளகாயையும் பொடியாக நறுக்கித் தூவினார். முட்டையைப் பாலோடு அடித்து, பல்லேபொலையிலிருந்து ஒரு முடிச்சில் கொண்டு வந்திருந்த மிளகை இடித்துப் போட்டு ஊற்றினார். கடைசியில் சீஸ். ஓதல் முடியும் நேரம் நெருங்கும் வரை ஊறட்டும் என்று மூடிவைத்தார். பிறகு அடுப்பில் ஏற்றி, கீழே கொஞ்சம், மூடிக்கு மேலே நிறைய என்று சிரட்டைத் தணலைப் பரப்பினார். பக்கெட்டை எறியச் சொன்னார்கள். முத்திரை இருந்ததால் எனக்கு எறிய மனம் வரவில்லை.

மூடியைத் திறந்தபோது முட்டை சட்டியின் விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது. சீஸ் பொன்னிறத்தில் கொப்பளித்தது. ஹாலில் ஓதியவர்களின் குரல் ஒரு கணம் தடுமாறியது என்று உம்மா இன்றும் சொல்வார். அதை நான் கவனிக்கவில்லை, ஆகவே உறுதிப்படுத்த முடியாது.

மஃரிப் தொழுதுவிட்டு ஆண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். முட்டையைத் துண்டுகளாக வெட்டி, எல்லோரும் கூடி உண்ணும் பெரிய தட்டான சஹனில் அடுக்கி, வாப்பா நடுவில் கொண்டுவந்து வைத்தார். சஹனில் மூத்தவர் முதல் கை வைக்க வேண்டும். அதுவரை மற்றவர் கை நீளாது. பெரியப்பா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். லெப்பை சஹனைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், திரும்பவும் சஹனைப் பார்த்தார்.

“மகள்,” என்று பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “மாமிட்ட போய் பல்லேபொல ஊட்டுச் சாவிய வாங்கிட்டு வாங்க. எல்லாரும் ஈக்கிற நேரமே குடுக்கட்டும்.”

நான் திரைக்குள் போனேன். சாவி மாமியின் முந்தானை முடிச்சில் இருந்தது.

“முதல்ல சாப்பிடச் சொல்லு,” என்றார் மாமி. “சாப்பிட்ட பொறகு சாவிய பேசலாம்.”

வந்து அப்படியே சொன்னேன். யாரும் அசையவில்லை. முட்டை ஆறத் தொடங்கி மேற்பரப்பு அமுங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்த பக்கெட்டை எடுத்து விரித்து, முத்திரை தெரியும்படி வட்டத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொருவருக்கும் காட்டினேன்.

“கோழிதான். பாருங்க, ஹலால் போட்டிருக்கு.”

“மாஷா அல்லாஹ்,” என்றார் லெப்பை. அவர் விரல்கள் சஹனின் விளிம்பு வரை வந்துவிட்டன.

“மகள், அத வெச்சிட்டு உள்ளுக்குப் போங்க,” என்றார் பெரியப்பா. லெப்பையின் விரல்கள் திரும்பிப் போயின.

மாமி கேட்டார், “கை வெச்சாரா?”

“இல்ல.”

“சரி. போய் இப்பிடிச் சொல்லு.” மாமி சொன்னதை நான் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தனை தாடிகளும் என் பக்கம் திரும்பின. முதல் சொல்லே வரவில்லை. நான் நின்றேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. இத்தா தொடங்கியதிலிருந்து அந்நியர் யாரும் கேட்காத குரல். உரத்ததல்ல. கடையில் சாமான் சொல்வதுபோல இருந்தது.

“அவர்ட சாப்பாடு தொண்டையில எறங்காதவங்களுக்கு அவர்ட ஊட்டுச் சாவி எதுக்கு? இத்தா முடிஞ்ச அன்டைக்கே நான் என்ட ஊட்டுக்குப் போறேன். சஹன உள்ளுக்கு அனுப்புங்க, நானா. சோறு வருது.”

பெரியப்பா வாயைத் திறந்தார். சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இப்போது கை வைத்தாலும் சாவிக்காகத்தான் வைத்தார் என்று ஆகிவிடும். லெப்பை அவசரமாகக் கைகளை ஏந்தித் துஆ ஓதத் தொடங்கினார். அந்த வீட்டில் அந்த நேரம் ஒருவரால் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அது ஒன்றுதான். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். பெரியப்பாவும் சொன்னார்.

இத்தா முடிந்த அன்று காலையே மாமி பல்லேபொலைக்குப் போனார். வேன் வேண்டாமென்று பஸ்ஸில் போனார். அந்த மிளகுத் தோட்டம் இன்றும் மாமியுடையது. இந்த வருட மிளகில் ஒரு பை என் வீட்டில் இருக்கிறது. பெரியப்பா சாகும்வரை அங்கே சோடாதான் குடித்தார். வாங்கிக் கொடுத்தது மாமி.

ஆனால் அன்றைய மாலையில் எனக்குத் தோல்வி ஒன்றுதான் தெரிந்தது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த சாப்பாடு ஒரு துண்டும் குறையாமல் திரும்பி வந்துவிட்டது. மாமியைத் தேற்ற வேண்டும் என்று அறைக்குள் போனேன். மாமி சஹனின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பெரிய துண்டுகளாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உம்மாவும் எதிரே உட்கார்ந்து கை வைத்தார். சற்று நேரத்தில் வாப்பா திரையை விலக்கி, ஹால் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நின்றபடியே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“உப்பு சரி,” என்றார்.

மாமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கை நிற்கவில்லை. மிளகு கூடிவிட்டது என்று நினைத்தேன். காலையிலிருந்து மாமி ஒன்றும் சாப்பிடவில்லை, பாவம், அவ்வளவு பசி என்றும் நினைத்தேன்.