மாவு என்று நினைத்த வெள்ளை

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. அம்பத்தூர் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்த மகளின் விரல்நுனிகள் வெளுத்திருந்தன.

“இன்னாடி, கைய கழுவாமலே காபி தம்ளர எடுக்கிற?”

“கழுவிக்கினுதாம்மா வந்தேன். நல்லா பாரு.”

கோலமாவுதான் என்று நான் விடவில்லை. மறுபடி குழாயடிக்கு அனுப்பினேன். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் வெள்ளை இன்னும் மேலே ஏறி, பிறகு நீலமானது.

வெயில் காலம் வந்தபின்னும் விரல்தோல் இறுகிக்கொண்டே போனது. எதிர்வீட்டுக்காரி என்னைத் தனியே கூப்பிட்டாள். “அக்கா, பெருநோயா இருக்கப் போவுது. சீக்கிரம் காட்டு.” அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருமுனை டாக்டர் மகளைக் கண்ணை மூடச் சொல்லி, விரல்களைப் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் சரியாகச் சொன்னாள். “உணர்ச்சி நல்லா இருக்கு. நீங்க பயப்படுற தொழுநோய் இல்ல. இது வேற,” என்று நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் சிலருக்குச் சொந்த உடம்பையே எதிர்க்கும். அது இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். போதிய பேருடைய ரத்த மாதிரிகள் சேர்ந்தால்தான் ஆய்வகத்தில் சோதிப்பார்கள் என்றதால் காத்திருந்தோம். ரத்தத்தில் இல்லை என்று வந்துவிட்டால் நோயே இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

இருந்தது.

“இல்லன்னு வந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேம்மா,” என்றார் டாக்டர். “தோல் இறுகுற நோய்னு பாதிய விரலே சொல்லிடுச்சு. எந்த வகைன்னு புரிய ரத்தம் உதவுது. இது பெரும்பாலும் மெதுவா போற வகை. ஆனா நுரையீரலையும் இறுக்கலாம், அத விடாம பாக்கணும்.”

“போயிடுமா டாக்டர்?” என்றாள் மகள்.

“போகாது. கட்டுக்குள்ள வெக்கலாம்.”

“அப்போ வாடக குடுக்கச் சொல்லுங்க. சும்மா குடியிருக்குதே.”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பெயர் தெரியாத பயம் அந்த அறையிலேயே முடிந்தது. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஓடிவர வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அது சின்ன விஷயமில்லை.

அந்த வாரமே மூச்சுப் பரிசோதனை. குழாயில் வாயை வைத்து அவள் ஊத, கருவியின் முள் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் வருடம் தவறாமல் போகிறோம். இதுவரை நல்ல பதில்தான். நான்தான் இன்னும் பழகவில்லை.

“நீ ஏம்மா மூச்சப் புடிச்சிக்கினு கீற?” என்றாள் போன தடவை. “ஊதுறது நானு.”