வெள்ளை நூல் கட்டிய பக்கங்கள்

ஹிபினோ மசுயேவை நான் முதல் நாளே சந்தேகப்பட்டேன். அது என் சுபாவம். ஜப்பானில் நெசவுக்குப் பேர்போன இச்சினோமியாவில் முப்பத்தொரு வருஷமாகக் காப்பிக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரைப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் தள்ளுகிறவர்கள், ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று செய்தித்தாள் படிக்கிறவர்கள், முட்டை சரியாக வேகவில்லை என்று சொல்லி இரண்டாவது முட்டை வாங்கித் தின்கிறவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் இந்த அம்மாள் கேட்ட கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

எழுபது வயதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய துணிப்பை. காலைக் காப்பியோடு சும்மா வரும் டோஸ்ட்டையும் முட்டையையும் நிதானமாகத் தின்று முடித்தார். பிறகு சுவரோரம் இருந்த காமிக்ஸ் அலமாரியைக் கையால் காட்டினார்.

"இதுல யாரும் யாரையும் அடிக்காத கதை ஏதாவது இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த அலமாரி என் வீட்டுக்காரர் கென்ஸோவுடையது. நாற்பது வருஷம் வாங்கிச் சேர்த்த அறுநூறு புத்தகங்கள். வெட்டு, குத்து, வெடி, மலையிலிருந்து விழுவது, விழுந்தும் சாகாமல் எழுந்து வருவது. "பேரன் எடுக்கிற வயசுல என்ன குத்துச்சண்டை" என்று நான் திட்டாத நாள் கிடையாது. அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. அலமாரியை வெளிப்பக்கம் துடைப்பதோடு சரி, ஒரு புத்தகத்தையும் நான் தொட்டதில்லை. வாடிக்கையாளர்களும் தொடுவதில்லை. நான் திட்டலாம். ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்து குறை சொல்லலாமா?

"அடிதடி இல்லாட்டி அது என்ன கதை?" என்று காப்பி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. நாப்பது வருஷம் தறிக்கூடம். காது போயிடுச்சு. உதட்டைப் பாத்துத்தான் படிப்பேன்."

"காதுதான் கேக்கலையே, அடிதடிக் கதை படிச்சா என்ன?"

அவர் எழுந்துபோய் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு பக்கமும் நிறையும்படி ஒரே சத்தம் கறுப்பு எழுத்தில் வெடித்துக் கிடந்தது. 'டமார்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஆட்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"பாருங்க, எப்படிக் கத்துதுன்னு. செவிடிக்கும் கேக்குது. புத்தகக் கடையில கேட்டா, 'இது அமைதியான கதைம்மா'ன்னு சத்தியம் பண்ணுவாங்க. நம்பி வாங்கிட்டுப் போனா மூணாவது அத்தியாயத்துல ஒருத்தன் கூரையிலேருந்து குதிப்பான். அதனால யாரு சொன்னாலும் நம்பறதில்லை. நானே பாத்தாத்தான்."

மறுநாளே முன்பணம் கட்டிக் காப்பி டிக்கெட் வாங்கிவிட்டார், ஒரு காப்பிக்கு ஒரு தாள். பதினோரு தாள் கொண்ட அந்தச் சின்னப் புத்தகத்தின் அட்டையில் பெயரை எழுதி, மற்றவர்களுடையதைப் போலவே எனக்குப் பின்னால் சுவரில் மாட்டினேன். எதிர்ச்சாரியில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கோதோவின் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெயர் சுவரில் ஏறிவிட்டால் அந்த நாற்காலியும் அவர்களுடையதுதான். ஜன்னலோரம் இரண்டாவது நாற்காலி மசுயேவுடையது ஆனது.

அன்றிலிருந்துதான் என் கண் அவர்மேலேயே இருந்தது. ஒரு புத்தகத்தை எடுப்பார். படிக்கமாட்டார். துணிக் கடைக்காரர் உருப்படியைப் புரட்டுகிற மாதிரி கட்டைவிரலால் முதலிலிருந்து கடைசிவரை தள்ளுவார். இரண்டு நிமிஷம்தான். அங்கங்கே நிறுத்திப் பையில் கைவிட்டு ஏதோ செய்வார். பிறகு அடுத்த புத்தகம். ஒரு காலையில் பத்துப் புத்தகம். அவர் போனபிறகு எடுத்துப் பார்த்தேன். பக்கங்களுக்கு நடுவில் துண்டு துண்டாக நூல். சிவப்பு நிறைய, வெள்ளை கொஞ்சம்.

படிக்கிறவள் இப்படியா செய்வாள்? விலைபோகிற புத்தகத்துக்கு அடையாளம் வைக்கிறாள் என்று என் மூளை உடனே சொன்னது. பழைய காமிக்ஸைத் திருடி விற்கிற கூட்டம் நகோயாவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உடனே அலமாரியை முழுக்கச் சரிபார்த்தேன். மலைக் கொள்ளைக்காரன் ஒருவனின் கதை இருபத்திரண்டு பாகம் இருந்தது. கென்ஸோ கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஆறு இருந்தது, எட்டு இருந்தது. ஏழாம் பாகத்தைக் காணோம்.

யாரிடமும் நான் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. சந்தேகப்படுகிறவர்களுக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது, கேட்டால் சந்தேகம் போய்விடுமே. ஒரு நாள் அவர் கழிப்பறைக்குப் போன நேரம் பையைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. உள்ளே சதுரமாக ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது. திறக்கத் தைரியம் வரவில்லை. ஆனாலும் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் டிக்கெட்டைச் சுவரிலிருந்து கழற்றினேன். இன்னும் நான்கு தாள் பாக்கியிருந்தது. காப்பித் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்து, முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

"இதை வீட்டுலயே வெச்சுக்கறது உங்களுக்கு வசதியா இருக்கும்."

எங்கள் ஊரில் ஒருவரிடம் 'இனி வராதே' என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. கடைக்குள் இரண்டு செய்தித்தாள்கள் கீழே இறங்கி, அதே வேகத்தில் மேலே ஏறின. மசுயே டிக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"சேச்சே. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை."

காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மேஜையில் சிந்தியிருந்த ரொட்டித் துகளைக் கையால் கூட்டித் தட்டில் போட்டார். டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு தரம் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நான் மதியம்வரை ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து கோதோ கேட்டார், "அந்த ரெண்டாவது நாற்காலி அம்மா எங்க காணோம்?"

அதற்குமேல் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "புத்தகத்தை அடிச்சுட்டுப் போயிட்டா. அவரோட கொள்ளைக்காரன் கதை. ஏழாம் பாகம்."

கோதோ கோப்பையைக் கீழே வைத்தார். "அட்டையில சிவப்புக் குதிரை இருக்குமே, அதுவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்காரம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கடைசிச் சவரம் பண்ணினது யாரு? நான் கத்தியைத் துடைச்சுக்கிட்டு நிக்கறேன். பெட்டியை மூடப்போற நேரத்துல, 'பாதிதான் படிச்சிருக்காரு, போற வழியில முடிக்கட்டும்'னு அவரு நெஞ்சு மேல புத்தகத்தை வெச்சது நீங்கதானே? அந்தக் குதிரை இன்னும் என் கண்ணுல நிக்குது."

ஆமாம், தலைமாட்டில் கிடந்ததை எடுத்து வைத்தேன். அழுகையில் அது எத்தனையாவது பாகம் என்று யார் பார்த்தார்கள்? அவரோடு சேர்த்து நானே எரித்த புத்தகத்துக்காக ஒரு மனுஷியைத் துரத்தியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியம் கடை காலியானதும் அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து நூல் வைத்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிவப்பு நூல் இருந்த இடமெல்லாம் சண்டை தொடங்கும் இடம். வெள்ளை நூல் இருந்த பக்கங்களில் சத்தமே இல்லை. கொள்ளைக்காரன் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தி மூன்று பக்கத்துக்குச் சட்டைக் கை தைக்கிறாள். முள்ளங்கி வேகும் பானையின் மேல் பனி விழுகிறது. துணியைச் சோதிக்கிறவர்கள் குறை இருக்கும் இடத்தில் நூல் கட்டி வைப்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அது ஞாபகம் வராமல் நகோயாத் திருடர்கள் ஞாபகம் வந்தார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். சிவப்பு நூல் பக்கங்கள் கடையிலிருந்து வந்த மாதிரியே மொடமொடவென்று இருந்தன. வெள்ளை நூல் பக்கங்களில்தான் காப்பிக் கறை, வெண்ணெய் விரல், ஓரம் நைந்துபோன காகிதம். கென்ஸோ அங்கேதான் தங்கியிருக்கிறார். நாற்பது வருஷம் நான் திட்டியதெல்லாம் அவர் வேகமாகத் தள்ளிவிட்டுப் போன பக்கங்களைத்தான். தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

கடை விடுமுறையன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஏழாம் பாகத்தை வாங்கிக்கொண்டு மசுயே வீட்டைத் தேடிப்போனேன். வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குனிந்து வணங்கி, நிமிர்ந்து, முகத்துக்கு நேரே சொன்னேன்.

"புத்தகத்தை நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சுட்டேன். எங்க வீட்டுக்காரர் கடைசியா படிச்சுக்கிட்டிருந்ததுன்னு நான்தான் அதை அவரோட வெச்சு எரிச்சிருக்கேன். தப்பு என்மேலதான். மன்னிச்சுக்குங்க."

"கேக்கல," என்றார் மசுயே.

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்," என்றார். மூன்றாம் தடவை அடித்தொண்டையில் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையில் சட்டையோடு அப்படியே நின்றாள். எங்கோ ஒரு நாய் குரைத்தது.

மசுயே திரும்பினார். "முதல் தடவையே உதட்டுல படிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் என்னைக் கத்த விட்டீங்க?"

"நீங்க டிக்கெட்டைச் சத்தமில்லாமதானே கழட்டுனீங்க? ஆனா கடை முழுக்கக் கேட்டுச்சே. இதுவும் நாலு பேருக்குக் கேக்கட்டும்னுதான்."

அவர் உள்ளே போய் டிக்கெட்டோடும் தகர டப்பாவோடும் வந்தார். டிக்கெட்டை என் கையில் திணித்தார்.

"பழைய ஆணியிலயே மாட்டுங்க. அப்புறம், முட்டை இன்னும் ஒரு நிமிஷம் வேகட்டும். இத்தனை நாள் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

பிறகு என் கையிலிருந்த ஏழாம் பாகத்தை வாங்கி, நின்றபடியே கட்டைவிரலால் தள்ளினார். எல்லாம் சிவப்பு நூல் வைக்கவேண்டிய பக்கங்கள். சிவப்பு, சிவப்பு, மறுபடி சிவப்பு. புத்தகம் முழுக்க இப்படியே கத்திக்கொண்டிருந்தால், கடைசியாகக் கென்ஸோவிடம் நான் கொடுத்தனுப்பியது என்ன?

நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. படகில் கொள்ளைக்காரன் தனியாக உட்கார்ந்து சோற்று உருண்டை தின்கிறான். மழை பெய்கிறது. ஒரு எழுத்துகூட இல்லை. மசுயே டப்பாவைத் திறந்து வெள்ளை நூல் எடுத்தார்.

"அவரு எதுவரைக்கும் படிச்சிருந்தாரு?"

"பாதிவரைக்கும்."

"அப்போ இதைப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு," என்று நூலை வைத்து மூடி என்னிடம் கொடுத்தார்.

அந்த நூல் பாதிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. நான் பக்கங்களை எண்ணிப் பார்க்கவில்லை.